மின்சார வைத்தியம் – 9: கன்னத்தில் ஏறிய ஊசி

சென்ற வாரம் கதையை ஒரு நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தோம்.

1941. அமெரிக்காவின் மிசூரி மாநிலம். வழக்கின் பெயர் 'அமெரிக்க அரசு எதிர் ஆறு கருவிகள்'. பிரதிவாதி என்ற இடத்தில் மனிதர் பெயர் கிடையாது. பிடிபட்ட ஆறு சாமான்கள்தான். பொருளைப் பறிமுதல் செய்து, அந்தப் பொருளின் மேலேயே வழக்கு நடத்த அந்நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு.

சாமானின் பெயர் 'எலெக்ட்ரீட் மெக்கானிக்கல் ஹார்ட்'. பெயரில் இருந்த இதயம் உள்ளே இல்லை. பார்த்தால் டார்ச் லைட். உள்ளே பேட்டரி, ஒரு கம்பிச் சுருள். பல்பு இருக்கவேண்டிய முனையில் ஓர் உருளை. வலிக்கிற இடத்தில் வைத்து உருட்டினால் தோல் குறுகுறுக்கும். இல்லினாய் மாநிலத்துப் பியோரியா ஊரைச் சேர்ந்த சார்லஸ் வில்லி கென்ட் 1919-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த கால் நூற்றாண்டில் சுமார் 2,50,000 விற்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

கென்ட்டின் பேச்சை நம்பினால் ஊரில் டாக்டரே தேவைப்படமாட்டார். 1938-ல் வந்த உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டம் மருத்துவக் கருவிகளையும் முதன்முறையாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆரம்பத்திலேயே அதில் மாட்டியவர் கென்ட். தீர்ப்பு அரசின் பக்கம் போனது. கருவியை விற்கலாம், ஆனால் வலி குறையும் என்பதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிலை அவருக்கு வந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு, வந்த வழி இதுதான். முதல் நூற்றாண்டில் ரோமானிய வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், கால்வாத நோயாளியை ஈரக் கடற்கரையில் நிற்கவைத்து, உயிரோடு இருக்கும் மின் திருக்கையைப் பாதத்துக்கு அடியில் கொடுத்தார். 1800-ல் வோல்டா மின்கலத்தைச் செய்தார். 19-ம் நூற்றாண்டில் மின்சாரப் பெட்டி இல்லாத டாக்டர் அறையே அபூர்வம். பிறகு 1910-ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை உலுக்கி எடுத்தது. அறிவியல் அடிப்படை காட்ட முடியாததெல்லாம் வெளியே போனது. மின்சார வைத்தியமும் போனது. கென்ட் வழக்கு அதன் கடைசிச் சடங்கு.

இப்போது ஒரு 33 வருடம் தாண்டுவோம். 1974 ஜூன். இன்னொரு காப்புரிமை. தோலின் மேல் ஒட்டும் மின்முனைகள், பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி, வலியைக் குறைக்க. இந்த முறை வழக்கு இல்லை, கேலி இல்லை. நரம்பு அறுவை நிபுணர்களே சீட்டு எழுதித் தருகிறார்கள்.

தோலில் ஓடிய மின்சாரம் ஏறக்குறைய அதேதான். நடுவில் என்ன மாறியது?

* * *

கயிறும் மணியும்

மாறியது வலியைப் பற்றிய விளக்கம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் இறந்து 14 ஆண்டு கழித்து, 1664-ல் அவருடைய உடலியல் நூல் பிரெஞ்சில் வெளியானது. அதில் ஒரு படம்: நெருப்பின் அருகே பாதம் வைத்திருக்கும் ஒருவன், பாதத்திலிருந்து மூளைவரை ஓடும் ஒரு நூல். கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வலியும் அப்படித்தான் என்றார் டேக்கார்ட். காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு.

அடுத்த 300 வருடம் மருத்துவம் இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. தாங்கமுடியாத வலி என்று யாராவது வந்தால், அறுவை நிபுணர் கயிறு எங்கே என்று தேடி அறுப்பார். தோலுக்குப் போகும் நரம்பை அறுத்தார்கள், தண்டுவடத்தில் நுழையும் வேரை அறுத்தார்கள், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தண்டுவடத்தின் ஒரு பக்கத்தையே அறுத்தார்கள். வலி போகும். பல பேருக்குச் சில மாதங்களில் திரும்பி வரும், சில சமயம் முன்னைவிட மோசமாக.

அறுத்த கயிறு எப்படி மணி அடிக்கும்? கை கால் இழந்தவர்களுக்கு இல்லாத விரல் வலிப்பது எப்படி?

எதிர்ப்பக்கத்துச் சான்று போர்க்களத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பணிபுரிந்த அமெரிக்க மயக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயம்பட்ட சிப்பாய்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனார்: வலிக்கு மருந்து வேண்டுமா? முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். மணிக்கணக்காக மார்ஃபின் போடாதவர்கள். எலும்பு முறிந்தவர்கள், வயிறு கிழிந்தவர்கள். 1946-ல் இதைக் கட்டுரையாக எழுதினார் பீச்சர். காயம் பெரிது, வலி சிறிது. டேக்கார்ட்டின் கணக்கு உதைத்தது.

பீச்சரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் திரும்பி வருவார்.

* * *

நெருப்பை முகர்ந்த நாய்கள்

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் மாணவர் இருந்தார். அங்கே ஸ்காட்டிஷ் டெரியர் குட்டிகளைச் சின்ன வயதிலிருந்தே தனிக் கூண்டில், முட்டாமல் மோதாமல், அடிபடாமல் வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு வெளியே விட்டு, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி நீட்டினார் மெல்சாக். நாய் வந்து மூக்கை நெருப்பில் நீட்டியது. சுட்டது. பின்வாங்கியது. திரும்பவும் வந்து அதே நெருப்பை முகர்ந்தது.

சுடுகிற மூக்கும் அதிலிருந்து போகிற நரம்பும் நன்றாகத்தான் இருந்தன. வலி என்பதை நாய் கற்றிருக்கவில்லை.

1959-ல் மெல்சாக் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தார். அங்கே பாட்ரிக் வால் இருந்தார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், பூனைகளின் தண்டுவடத்துக்குள் நுண்ணிய மின்முனைகளை இறக்கி, ஒவ்வொரு செல்லாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர். ஒருவருக்குத் தெரிந்தது மனம், மற்றவருக்குத் தெரிந்தது கம்பி. கயிறும் மணியும் பொய் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

மெல்சாக் 1963-ல் மக்கிலுக்கே திரும்பிவிட்டார். ஆனால் விவாதம் நிற்கவில்லை.

1965 நவம்பர் 19. 'சயன்ஸ்' இதழில் ஒன்பது பக்கக் கட்டுரை. தலைப்பு அடக்கமே இல்லாதது: 'வலியின் செயல்முறைகள்: ஒரு புதிய கோட்பாடு'.

கட்டுரையின் நடுவே ஒரு சின்ன வரைபடம். இரண்டு வகை நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. ஒன்று தடித்தது, தொடுவதையும் அழுத்துவதையும் சொல்வது, நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுவது. மற்றொன்று மெல்லியது, வலியைச் சுமப்பது, அதில் மிக மெல்லிய இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும்: முதலில் 'சுரீர்' என்று ஒன்று வரும், அது அடங்கும் முன்பே 'ஐயோ, இனிமேல்தான் வரப்போகிறது' என்று மனசுக்குத் தெரியும், பிறகுதான் அந்த ஆழமான கடுப்பு வந்து சேரும். அந்த இடைவெளி மெல்லிய இழையின் வேகம்.

இந்த இரண்டும் மூளைக்கு நேராகப் போவதில்லை என்றார்கள் மெல்சாக்கும் வாலும். தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு கதவு இருக்கிறது. மெல்லிய இழைகள் அதைத் திறக்கப் பார்க்கின்றன. தடித்த இழைகள் மூடப் பார்க்கின்றன. மூளையும் மேலிருந்து ஆள் அனுப்பி அதே கதவைத் திறக்கவோ மூடவோ செய்யும். எந்தப் பக்கம் பலமோ அதைப் பொறுத்துத்தான் வலி.

குழந்தை நெற்றியை இடித்துக்கொண்டு அழுதால் பாட்டி என்ன செய்வாள்? பரபரவென்று தேய்த்துவிடுவாள். தேய்ப்பது தடித்த இழைகளை எழுப்புகிறது, கதவு சாய்கிறது. நாம் எல்லோரும் செய்துகொண்டிருந்ததற்கு 1965-ல்தான் ஒரு வரைபடம் கிடைத்தது.

என் பார்வையில் இந்தத் தொடரின் அச்சாணி இந்த ஒன்பது பக்கம்தான். ஏனென்றால் அதற்குள் ஒரு மருத்துவமே ஒளிந்திருந்தது. தடித்த இழைகளுக்கு ஒரு குணம் உண்டு: வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால், குறைந்த அளவுக்கே அவை முதலில் எழுந்துகொள்ளும். மெல்லிய இழைகளை எழுப்ப இன்னும் அதிகம் வேண்டும். ஆக, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், குறுகுறுப்பு வந்ததும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கதவை மூடுகிறவர்களை மட்டும் தட்டி எழுப்பியதாகும்.

காகிதத்தில் அழகாக இருந்தது. மனித உடம்பில்?

* * *

கண்ணுக்குக் கீழே ஒரு துளை

கண்ணுக்கு நேர் கீழே, கண்குழியின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி, விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். எலும்பில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அங்கே ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாக ஒரு நரம்பு வெளியே வந்து கன்னம், மூக்கோரம், மேலுதடு மூன்றுக்கும் பரவுகிறது.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நரம்பு அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட்டும் பாட்ரிக் வாலும் சேர்ந்து முதலில் தேர்ந்தெடுத்த நோயாளிகள் அவர்களே. ஊசி மின்முனையை அந்தத் துளைக்குள், தங்கள் முகத்துக்குள்ளேயே இறக்கிக்கொண்டார்கள்.

மின்சாரத்தைத் திறந்தார்கள். மெல்லக் கூட்டினார்கள். கன்னத்தில் குறுகுறுப்பு பரவியது. அந்த இடத்தில் குண்டூசியால் குத்திப் பார்த்தார்கள்.

குத்தியது தெரிந்தது. குத்தின் கூர்மை மழுங்கியிருந்தது.

இதற்குப் பிறகுதான் நோயாளிகள். எட்டுப் பேர். தோலில் தீராத வலியோடு வாழ்ந்தவர்கள். சிலருக்குச் சட்டை உரசுவதே சித்திரவதை என்னும் வகை வலி. வலிக்கும் பகுதிக்குப் போகும் நரம்பிலோ நரம்பு வேரிலோ மின்துடிப்பு கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு துடிப்பும் 0.1 மில்லி நொடி. நொடிக்கு 100 துடிப்பு. வலிக்கும் இடத்தில் குறுகுறுப்பு தெரிகிறது என்று நோயாளி சொல்லும்வரை மின்னழுத்தத்தை ஏற்றினார்கள்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில், முன்பு தொட்டாலே துடித்த இடத்தை அழுத்திப் பார்த்தார்கள். வலிக்கவில்லை.

நான்கு பேருக்கு அதோடு நிற்கவில்லை. இரண்டே நிமிடம் மின்சாரம், நிறுத்தினார்கள். வலி அரைமணி நேரத்துக்கு மேல் திரும்பி வரவில்லை.

1967 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். தலைப்பிலேயே 'தற்காலிகமாக' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். கென்ட்டின் காலத்து விளம்பரங்களைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த அடக்கமே பாதி சான்று.

* * *

முதுகெலும்பைத் திற

வேறொருவர் இதே கோட்பாட்டைப் படித்துவிட்டு இன்னும் ஆழமாக இறங்கத் தீர்மானித்திருந்தார்.

நார்மன் ஷீலி, இளம் நரம்பு அறுவை நிபுணர். அவருடைய யோசனை நேரடியானது. தடித்த இழைகள் உடம்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து மூளைக்கு ஏறுகின்றன. அங்கேயே ஒரு மின்முனையை வைத்துவிட்டால்? கிளீவ்லாந்தில் தாமஸ் மார்ட்டிமர் என்ற பொறியியல் மாணவரோடு சேர்ந்து பூனைகளில் சோதித்தார். பூனைகளுக்கு வேலை செய்தது.

1967 மார்ச் 24. எழுபது வயது மனிதர். நுரையீரலில் அறுவைக்கு மிஞ்சிய புற்றுநோய். மார்பிலும் மேல்வயிற்றிலும் வலி. முதுகெலும்பைத் திறந்து தண்டுவடத்தின் மேல் மின்முனையை வைத்தார் ஷீலி. மின்சாரம் ஓடியபோது வலி அடங்கியது. இரண்டு நாள் முழுதாக முடிவதற்குள் நோயாளி இறந்துவிட்டார்.

அந்தச் சாவோடு இந்த வழி மூடிக்கொள்ளவில்லை. உலகமெங்கும் இன்று செய்யப்படும் தண்டுவட மின்தூண்டலின் முதல் பக்கம் அதுதான். ஆனால் அது வேறு தொடருக்கான கதை. நம் கதைக்குத் தேவையானது, ஷீலி அடுத்து எதிர்கொண்ட ஒரு சாதாரண நடைமுறைச் சிக்கல்.

முதுகெலும்பைத் திறப்பது சின்ன விஷயம் இல்லை. எல்லா நோயாளிக்கும் பலன் கிடைக்கவும் இல்லை. சிலருக்கு அந்தக் குறுகுறுப்பே பிடிக்காது. அதைக் கண்டு வெறுத்தவர்களும் உண்டு. திறந்து, வைத்து, தைத்து மூடிய பிறகு 'எனக்கு இது ஒத்துவரவில்லை டாக்டர்' என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? அறுவைக்கு முன்பே, யாருக்கு ஒத்துவரும் என்று வடிகட்ட ஒரு வழி வேண்டும். தோலின் மேலேயே கொஞ்சம் மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் போதும். உடம்பு அதை ஏற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதற்கு ஒரு கருவி வேண்டுமே?

ஷீலி எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? நீதிமன்றத்தில் தோற்றுப்போன அதே எலெக்ட்ரீட்டை.

* * *

திரும்பி வராதவர்கள்

இங்கே கொஞ்சம் நிதானிப்போம், ஏனென்றால் இந்த இடத்தில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எல்லாம் திரும்பியது.

வருடக்கணக்காக முதுகுவலியோடு இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. இனி முதுகெலும்பைத் திறந்து மின்முனை வைக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்கு முன் ஒரு சோதனை: தோல் மேல் இதை வைத்துப் பாருங்கள், குறுகுறுக்கும், பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்று சொல்லுங்கள். நோயாளி வைத்துப் பார்க்கிறார். குறுகுறுக்கிறது. பொறுத்துக்கொள்ள முடிகிறது. வலியும் குறைகிறது.

அப்புறம் எதற்கு அறுவை?

சோதனைக்கு வந்தவர்களில் பலர் அறுவைக்குத் திரும்பி வரவே இல்லை. தோல் மேல் ஓடிய மின்சாரமே போதும் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர்களின் திட்டத்தில் அந்தக் கருவிக்கு வாசற்படி வேலைதான்; உள்ளே அனுப்பலாமா வேண்டாமா என்று பார்ப்பது. நோயாளிகள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாலும் ஸ்வீட்டும் கன்னத்தில் ஏற்றிய ஊசியும் வேண்டாம், ஷீலி முதுகில் வைத்த மின்முனையும் வேண்டாம். ஊசியை விலக்கியது விஞ்ஞானிகள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விலக்கியவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்ட அந்த நோயாளிகள்.

எலெக்ட்ரீட் பழைய காலத்துச் சரக்கு. துடிப்பின் வேகத்தையோ அளவையோ நுணுக்கமாக மாற்ற முடியாது. வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு போகவும் முடியாது. நல்லதாக ஒன்று செய்யவேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் மினியாபொலிஸில் ஒரு கம்பெனி தயாராக இருந்தது.

* * *

ஃப்ராங்கன்ஸ்டைன் பார்த்த பையன்

எர்ல் பேக்கன் சின்னப் பையனாக இருந்தபோது 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படம் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் பூதத்தைக் கண்டு பயந்தார்கள். இவர் பூதத்துக்கு உயிர் கொடுத்த மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டார். 1949-ல் ஒரு கராஜில் மெட்ரானிக் கம்பெனியைத் தொடங்கினார். ஆரம்ப வேலை, ஆஸ்பத்திரிகளின் மின்கருவிகளைப் பழுது பார்ப்பது.

1957 அக்டோபர் 31 அன்று அந்த நகரத்தில் மின்சாரம் போனது. சுவரில் செருகிய பேஸ்மேக்கரை நம்பியிருந்த ஒரு குழந்தை இறந்தது. இதய அறுவை நிபுணர் வால்டன் லில்லிஹை பேக்கனிடம் வந்தார்: பேட்டரியில் ஓடுகிற ஒன்று வேண்டும். இசை பயில்வோருக்குத் தாளம் தட்டும் கருவி ஒன்றின் டிரான்சிஸ்டர் சுற்று ஒரு எலெக்ட்ரானிக்ஸ் இதழில் வந்திருந்தது. அதை எடுத்து மாற்றி, சில வாரங்களில் கையடக்கப் பேஸ்மேக்கரைச் செய்துவிட்டார் பேக்கன்.

இதயத்துக்கு ஒழுங்காகத் துடிப்பு கொடுக்கத் தெரிந்தவர்களுக்குத் தோலுக்குக் கொடுப்பது பெரிய வித்தையில்லை. கென்ட்டிடம் இருந்தது கம்பிச் சுருள். இவர்களிடம் இருந்தது டிரான்சிஸ்டர். அளவை மாற்றலாம், வேகத்தை மாற்றலாம், சட்டைப் பைக்குள் அடங்கும். மெட்ரானிக்கின் பொறியாளர் டொனால்ட் மௌரர் வடிவமைத்த, உடம்பில் மாட்டிக்கொள்ளும் தோல்வழி மின்தூண்டிக்கு 1974 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. உலகம் அதை இன்று 'டென்ஸ்' என்று சொல்கிறது.

பேக்கன் பிற்பாடு மினியாபொலிஸில் மின்சாரத்துக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஒரு அருங்காட்சியகத்தையே தொடங்கினார். பழைய மின்சார வைத்தியச் சாமான்களை அவர் தூக்கி எறியவில்லை, சேகரித்தார்.

நம்மூர்ப் பிசியோதெரபி அறைகளுக்கும் இந்த டப்பா வந்து சேர்ந்து வெகுகாலமாயிற்று. அங்கே யாரும் டென்ஸ் என்று சொல்லிக் கேட்டதில்லை. 'கரண்ட் வைக்கணும்' என்பார்கள். முட்டியின் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் பட்டைகள், அடியில் குளிர்ந்த ஜெல், மேலே ஒரு துணிப்பட்டை. தெரபிஸ்ட் குமிழைத் திருகிக்கொண்டே நம் முகத்தைப் பார்ப்பார். 'வருதாம்மா?' 'லேசா வருது சார்.' 'இப்போ?' 'ம்ம்… ம்ம், போதும் போதும்.' அந்த 'போதும்'தான் 1967-ல் வாலும் ஸ்வீட்டும் காத்திருந்த இடம். தடித்த இழைகள் எழுந்துவிட்டன, மெல்லியவை இன்னும் எழவில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் மட்டும் முதலிலேயே கேட்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

* * *

கதவு இருக்கிறதா?

வெற்றி என்று இங்கே முடித்துவிடலாம். வரலாறு விடவில்லை.

1965-ன் வரைபடத்தை மற்ற நரம்பியலாளர்கள் சும்மா விடவில்லை. அதில் போட்டிருந்த இணைப்புகளில் சில, சோதித்துப் பார்த்தால் அப்படி இல்லை. குறிப்பாக மெல்லிய இழைகள் கதவைத் திறப்பதாகச் சொன்ன விதம் நிற்கவில்லை. வலி தண்டுவடத்திலேயே திருத்தப்படுகிறது, மூளையும் மேலிருந்து அதில் கைவைக்கிறது என்ற அடிப்படை நின்றது, நுணுக்கங்கள் உதிர்ந்தன. ஆக, எலெக்ட்ரீட்டுக்கு மானம் வாங்கிக் கொடுத்த கோட்பாடே பாதி பிழை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று, ஸ்வீட் வேலை செய்த அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது.

பீச்சர் ஞாபகம் இருக்கிறதா? போரிலிருந்து திரும்பிய பிறகு அவரும் அங்கேதான். 1955-ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை மருத்துவ உலகத்தின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. 15 ஆய்வுகளைத் தொகுத்து, மருந்தே இல்லாத போலி மாத்திரை சராசரியாக 35 சதவீதம் பேருக்கு நிவாரணம் தந்திருக்கிறது என்று கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். ஆனால் அது போட்ட விதி நிலைத்துவிட்டது: வலிக்கு மருந்து என்று எதைக் கொண்டுவந்தாலும், முதலில் அதன் போலியோடு மோதவிடு. நோயாளிக்கு எது எது என்று தெரியக் கூடாது.

மாத்திரைக்கு இது சுலபம். அதே நிறம், அதே வடிவம், உள்ளே வெறும் மாவு. மின்சாரத்துக்கு? டென்ஸின் வேலையே குறுகுறுப்பில்தான் இருக்கிறது. குறுகுறுத்தால் நிஜம், குறுகுறுக்காவிட்டால் போலி, தோலுக்குத் தெரிந்துவிடும். வாலும் ஸ்வீட்டும் பார்த்த எட்டுப் பேருக்கும், ஷீலியிடம் திரும்பி வராதவர்களுக்கும், தங்கள் உடம்பில் மின்சாரம் ஓடுகிறது என்று நன்றாகத் தெரியும். கென்ட்டின் வாடிக்கையாளர்களுக்கும் தெரியும்.

அப்படியென்றால் 1974-ன் டப்பாவை எப்படித்தான் விசாரிப்பது? குமிழைத் திருகினால் விளக்கு எரியும், உள்ளே மின்சாரம் வராது. 'சிலருக்குக் குறுகுறுப்பே தெரியாது' என்று சொல்லி அதை ஒரு பாதி நோயாளிகளிடம் கட்டிவிட்டால், அவர்களுடைய முதுகுவலி என்ன சொல்லும்?

(தொடரும்)